இருதரப்பு உறவு

சட்டை வரைக்கும் நான் அரசாங்கம்.
அதற்குக் கீழே வெந்தெலின் பழைய பைஜாமா,
கம்பளிக் காலுறை,
மேசைக்கடியில் நேற்றைய உருளைக்கிழங்குத் தோல் ஒன்று.

புடாபெஸ்ட்டில் காலை எட்டு. ஹனோயில் பிற்பகல் இரண்டு.
திரையில் பதினாறு கட்டங்கள்.
பின்னால் கொடி தெரியும்படி
எல்லாரும் நாற்காலியை நகர்த்திப் போட்டிருக்கிறார்கள்.

எங்கள் துணை அமைச்சர் பேசினால்
நான் வியட்நாமிய மொழியில் சொல்லவேண்டும்.
அவர்கள் துணை அமைச்சர் பேசினால்
ஹனோயிலிருந்து ஒரு பெண் ஹங்கேரிய மொழியில் சொல்வாள்.
முகம் காட்டாத கட்டத்தில் பெயர் மட்டும்: குவே.
செகெத் நகரத்தில் படித்தவள் போல.
எகரம் வரும் இடமெல்லாம் உதட்டைக் குவிக்கிறாள்.

இந்தக் கொடிய காலத்திலும், என்றார் எங்களவர்.
சொன்னேன்.
விநியோகச் சங்கிலி அறுந்துவிடாமல், என்றார்.
ஒரு கணம் தடுமாறினேன்:
நாயைக் கட்டும் சங்கிலியா,
கழுத்தில் போட்டுக்கொள்வதா?

மிளகு, காப்பிக்கொட்டை, ரப்பர் கையுறை இந்தப் பக்கம்.
கால்நடைத் தடுப்பூசி, நீர் வடிகட்டி, தாராக்குஞ்சு அந்தப் பக்கம்.
தொழிற்சாலைக்கு நிலம்,
நிலத்துக்குக் கடன்,
கடனுக்கு உத்தரவாதம்,
உத்தரவாதத்துக்கு இன்னொரு கூட்டம்.

'முதலீட்டாளர்களின் நம்பிக்கை' என்ற இடத்தில்
சுவருக்கு அப்பால் வெந்தெல் இருமினார்.
ஒலிவாங்கியை மூடினேன்.
மூடுவதற்குள் இருமல்
எல்லையைக் கடந்துவிட்டது, கடவுச்சீட்டு இல்லாமல்.

இடைவேளை.
கட்டங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன, இரண்டைத் தவிர.
"நீங்கள் எந்த வருடம் பிறந்தீர்கள்?" என்றாள் குவே.

எனக்குக் கோபம் வரவில்லை. அவள் மொழி அப்படி.
யாருக்கு யார் என்று தெரியாமல் அதில்
'நான்' என்றுகூடச் சொல்ல வராது.
காலையிலிருந்து இருவருமே
'எமது தரப்பு', 'தங்கள் தரப்பு' என்று
ஆளில்லாத சொற்களில் நடந்துகொண்டிருந்தோம்.

எழுபத்தொன்று, என்றேன்.
எழுபத்தெட்டு, என்றாள்.
சரி, நான் அக்கா. அவள் தங்கை.
இதற்குக் கோப்பு கிடையாது, முத்திரை கிடையாது.

"அக்கா, இருமுவது யார்?"
வீட்டுக்காரர். ஒன்பதாம் நாள்.
விரலில் மாட்டும் கருவி தொண்ணூற்றொன்று காட்டுகிறது.
விடியற்காலையே ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டேன்,
மாலைக்குள் வருமாம்.

இரண்டு நொடி மௌனம்.
அவளுடைய மௌனமா, கடலடிக் கம்பியின் தாமதமா,
இன்றுவரை தெரியாது.

"திரும்பவும் கூப்பிடுங்கள், எண்ணைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.
வரும்வரைக்கும் குப்புறப் படுக்கட்டும்.
தலையணை நெஞ்சுக்கு. வயிற்றுக்கு வேண்டாம்."

எழுந்து ஓடினேன். கேமராவை அணைக்கவில்லை.
பைஜாமா தெரிந்திருக்கும், கோடு போட்ட பச்சை.
கதவுக்கு இந்தப் பக்கம் நின்று
குப்புறப் படுங்கள் என்று கத்தினேன்,
எந்த மொழியில் கத்தினேனோ,
உள்ளிருந்து "என்ன?" என்று கேட்டார்.

பிறகு எல்லாரும் திரும்பி வந்தார்கள்.
இரண்டு மேசை, இரண்டு பேனா, நடுவே முக்கால் உலகம்.
எங்களவர் கோப்பைத் தலைகீழாகத் தூக்கிக் காட்டினார்.
கோப்பைகளைத் திரையில் இடித்துக்கொண்டார்கள்,
கண்ணாடியில் கண்ணாடி.

கடைசி வாக்கியம் அவர்களுடையது. குவே சொன்னாள்:
"நம் உறவு மேலும் வலுப்பெறும்."
'உறவு' மட்டும் அரை மாத்திரை நீண்டது.
கூட்டக் குறிப்பில் அது இல்லை.

ஆம்புலன்ஸ் பதினொன்றரைக்கே வந்துவிட்டது.
நள்ளிரவில், அவளுக்கு அது விடியல்,
கைப்பேசியில் ஒரே சொல்: "எண்?"
தொண்ணூற்று மூன்று, என்று அடித்தேன்.
மூக்கில் குழாயோடு.

மாதக் கடைசியில் சம்பளச் சீட்டு வந்தது.
மொழிபெயர்ப்பு, மூன்று மணி நேரம்.
கழிவு: இடைவேளை, பதினோரு நிமிடம்.